பேக்கார் படம்

"நல்லாத்தான் இருந்துச்சு" என்று அவர் சொன்னதும் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். டிவியில் படம் முடிந்து பெயர்கள் மேலே ஓடிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. வழக்கம்போல நான்தான் முதலில் வாயைத் திறந்து, படம் பிரமாதம், அதிலும் அண்ணனாக நடித்தவன் கண்ணாலேயே பேசிவிட்டான் என்று சொல்லியிருந்தேன். இதற்கு அவர் சொல்லவேண்டிய பதில் ஒன்று இருக்கிறது. "பேக்கார்." இந்த அந்தமான் இந்தியில் உருப்படாதது என்று பொருள். கல்யாணமான நாளிலிருந்து நான் நல்லது என்று சொன்ன ஒரு படத்தைக்கூட அவர் பேக்கார் என்று சொல்லாமல் விட்டதில்லை. அப்பேர்ப்பட்டவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டி, நல்லாத்தான் இருந்துச்சு என்கிறார். உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சாதாரணமாகத்தான் இருந்தது.

மற்றவர்களுக்கு இது ஒன்றுமில்லாத விஷயமாகத் தோன்றலாம். புருஷன் பெண்டாட்டி பேச்சுக்கு ஒத்துப்போனால் கோயிலில் தேங்காய் உடைப்பார்கள். எங்கள் கதை வேறு. கல்யாணமாகி ராமநாதபுரத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய புதிதில் போர்ட் பிளேயரில் ஒரு படத்துக்குக் கூட்டிப்போனார். திரும்பும்போது பஸ்ஸில், படம் நன்றாக இருந்தது என்று கூச்சத்தோடு சொன்னேன். பேக்கார் என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. அழுத இடத்தில் நீங்களும்தானே மூக்கைச் சிந்தினீர்கள் என்று கேட்டுவிட்டேன். சண்டை முற்றி, எங்கள் ஊரான சிப்பிகாட்டில் இறங்கவேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு, எங்கேயோ போய் இறங்கி, இருவரும் வாதாடிக்கொண்டே நடந்து வந்தோம். வீட்டு வாசலை மிதித்தபோது எனக்குப் பயமெல்லாம் போய்விட்டிருந்தது. இந்த மனிதரோடு குடித்தனம் நடத்திவிடலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அதற்குப் பிறகு அதுவே பழக்கமாயிற்று. அவர் தீவுக்குத் தீவு போகும் கப்பலில், என்ஜின் அறையில் வேலை பார்த்தவர். தெற்குக் கோடியிலிருக்கும் கேம்பல் பே வரை போய்விட்டுத் திரும்புகிறவர், பையைக் கீழே வைப்பதற்கு முன்பே கப்பல் டிவியில் பார்த்த படத்தைக் கிழித்துத் தொங்கவிடுவார். நான் இங்கே கேபிளில் அதே படத்தைப் பார்த்து வைத்திருந்து, சோறு போட்டபடியே பதில் சொல்வேன். மற்ற வீடுகளில் மாமியார், நாத்தனார், காசு என்று சண்டை நடக்கும். எங்களுக்கு சினிமாவே போதுமானதாக இருந்தது. மகள் கார்த்திகா பேச ஆரம்பித்ததும் அவளை நீதிபதியாக்கினோம். இப்போது அவள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போன பிறகு வாட்ஸ்அப்பில் மூன்று பேருக்கும் ஒரு குரூப் வைத்திருக்கிறாள். ஞாயிறு படம் முடிந்ததும் இருவரும் அபிப்பிராயத்தைப் போடுவோம், அவள் தீர்ப்பு எழுதுவாள்.

அவர் ஓய்வுபெற்று வீட்டோடு வந்ததும் இந்தக் கச்சேரியில் இன்னொருவரும் சேர்ந்தார். பக்கத்து வீட்டு ஷீலா தீதி. தீதி என்றால் அக்கா. பெங்காலிக்காரி. தமிழ் சுத்தமாகத் தெரியாது, ஆனால் தமிழ்ப் படம் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு கிண்ணத்தில் கடுகெண்ணெய் விட்டுக் கலந்த பொரியோடு வந்து, காற்று வேண்டும் என்று வாசல் ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொள்வாள். படம் தொடங்கியதும், "க்யா போலா?" என்று ஆரம்பிப்பாள். என்ன சொன்னான், என்ன சொன்னான் என்று படம் முடிகிறவரை. நான் இந்தியில் சொல்லிக்கொண்டே வருவேன். எனக்கு அரசுப் பண்ணையில் நர்சரி வேலை. இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. டிவியை அமுக்கிவிட்டு என் குரல்தான் கேட்கும். எங்கள் வீட்டு வசனம் பின்பக்கத்து வயலில் சுனாமி விட்டுப்போன தண்ணீரில் நிற்கும் கொக்குக்கெல்லாம் பாடம் என்று அவர் கிண்டல் செய்வார். ஆனாலும் தன் நாற்காலியை இழுத்து எனக்குப் பக்கத்தில்தான் போட்டுக்கொள்வார். ஃபேன் காற்றுக்காக என்று நினைத்தேன். சில நாள் வேறு மாதிரியும் நினைத்து உள்ளூர மகிழ்ந்ததுண்டு.

மொழிபெயர்ப்பு என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, எனக்கு வந்த இந்தியில் அடங்கியதைச் சொல்வேன். அடங்காததை நானே கட்டிவிடுவேன். ஒரு படத்தில் வயதான அப்பா மகனோடு கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறார். வாசலில் நின்று மண், மானம், ரத்தம் என்று செந்தமிழில் ஒரு முழ நீளத்துக்குப் பேசினார். அதை நான் எந்த இந்தியில் போய்ச் சொல்வேன்? "தர்வாஜா பந்த் மத் கர்னா, மேரா சப்பல் அந்தர் ஹை" என்று முடித்துவிட்டேன். கதவைச் சாத்திவிடாதே, என் செருப்பு உள்ளே இருக்கிறது. அவ்வளவுதான். ஷீலா தீதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர்கூட அன்றைக்கு டீயை முழுக்கக் குடித்து முடித்துவிட்டு அப்புறம்தான் பேக்கார் என்றார்.

மழைக்காலம் தொடங்கும்போது ஷீலா தீதி கல்கத்தா போய்விட்டாள். மகனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அதற்குப் பிறகுதான் இவர் ஒத்துப்போக ஆரம்பித்தார். முதல் ஞாயிறு நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த ஞாயிறும் அதே. வேண்டுமென்றே ஒரு அசட்டுப் படத்தைத் தேர்ந்தெடுத்து ஆகா ஓகோ என்றேன். அதற்கும் ஆமாம் போட்டார். குரூப்பில் நான் எழுதியதற்குக் கீழே கட்டைவிரலை மட்டும் வைத்தார். கார்த்திகா, தீர்ப்புக்கு வேலையே இல்லையே, சமரசமா என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் சோதித்துப் பார்த்துவிட்டேன். படத்தில் தம்பிக்காரன் கடைசிவரை அண்ணனை மன்னிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். நான் டீயைக் கொடுத்தபடி, தம்பி மன்னித்துவிட்டேன் என்று சொன்ன இடம் உருக்கம் என்றேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆமா, அதான் நல்ல கட்டம்" என்றார்.

அப்படியானால் இரண்டரை மணி நேரமும் என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. மனிதருக்கு என்மேல் சலிப்புத் தட்டிவிட்டது, இவளோடு என்ன பேச்சு, ஆமாம் சொன்னால் தொல்லை விட்டது என்று இருக்கிறார் என்றே நினைத்தேன். கப்பலில் போய்ப் போய் வந்தவரைக்கும் பேச ஆசையிருந்தது, வீட்டோடு வந்ததும் தீர்ந்துவிட்டது போலும். இரண்டு நாள் நானும் பேசவில்லை. தட்டை வைப்பேன், சாப்பிடுவார். என் தொண்டை ஓய்ந்த அந்த நாட்களில் வீட்டில் தவளைச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் அதற்கும் ஏன் என்று கேட்காமல், நான் நடக்கும் பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் கார்த்திகா குரூப்பில் ஒரு கேள்வி போட்டாள். இதுவரை பார்த்த படங்களிலேயே மறக்கமுடியாத வசனம் எது? எங்கள் பேச்சுவார்த்தை நின்றது எப்படியோ அவளுக்கு மூக்கில் வியர்த்திருக்கிறது. நான் எதுவும் எழுதவில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால் வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிடாதே, என் செருப்பு உள்ளே இருக்கிறது. அப்பா வேஷக்காரர் சொல்வது. மற்றபடி படம் பேக்கார். இப்படி எழுதியிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கார்த்திகா பதில் போட்டாள். அப்பா, அந்தப் படத்தில் அப்படி ஒரு வசனமே கிடையாது, நான் இரண்டு தடவை பார்த்தேன் என்று. பிறகு என் போனுக்குக் கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பா எந்தப் படத்தச் சொல்றாரு? அவருகிட்ட குடேன், கேக்குறேன்."

அவரிடம் போனை நீட்டினேன். எப்போதும் போலக் கையை ஆட்டி, நீயே பேசு என்று சைகை செய்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். எப்போதும் போல. அவர் கடைசியாக எப்போது போனில் பேசினார் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றேன். அந்தச் செருப்பு வசனம் இந்த உலகத்தில் என் வாயில் மட்டுமே இருந்தது. தீதிக்குச் சொன்னதைக் கேட்டுத்தான் மனிதர் படம் பார்த்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் என்ஜினுக்குப் பக்கத்தில் நின்ற காது. தன் செவிட்டை ஒளித்துவைக்க, இப்படியொரு தொண்டை இருக்கும் இந்த வீட்டைவிட நல்ல இடம் அதற்குக் கிடைத்திருக்காது. தீதி போனாள், என் இந்தி நின்றது, அவருக்குப் படமும் ஊமையாகிவிட்டது. என் முகத்தைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. சலித்துப்போகவில்லை என்ற சந்தோஷத்தில் வந்த அழுகை என்றுதான் சொல்லவேண்டும். காது டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். அதற்கு அவர் சம்மதிப்பதற்குள் பெரிய சண்டை நடக்கும். ஆனால் அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

படம் தொடங்குமுன் ஷீலா தீதியின் நாற்காலியை எடுத்து வாசல் ஓரமாகப் போட்டேன். அதில் ஒரு தலையணையைச் சாய்த்து, போனை நிற்கவைத்து, தீதியை வீடியோவில் கூப்பிட்டேன். மடியில் பேரனோடு வந்தாள். இங்கே ஒருத்தரும் எனக்குப் படம் சொல்வதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள். "ஆஜ் மை போல்தி ஹூம் தீதி", இன்றைக்கு நான் சொல்கிறேன் என்றேன். அவர் நாற்காலியையும் போனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

தொண்டையைத் திறந்துவிட்டேன். நாயகி சொன்னதையெல்லாம் சொன்னேன், சொல்லாததையும் சொன்னேன். முதல் பாட்டு முடிவதற்குள் அவர் முன்னால் குனிந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, பழையபடி முகத்தைச் சுளிக்க ஆரம்பித்துவிட்டார். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

பாதிப் படத்தில் பேரன் வீறிட்டு அழுதான். தீதி "ஏக் மினிட்" என்று சொல்லி வைத்துவிட்டாள். போன் கறுத்தது. நான் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தேன். அந்த வேகத்தில் அதை முடித்து, அடுத்ததையும் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் அவரைப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்க்கவில்லை. வெறும் நாற்காலியையும் கறுத்த போனையும் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் தானாக நின்றுவிட்டது. திரையில் யாரோ உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது எழுந்து போய்விடுவார், தெரிந்துவிட்டதே என்ற அவமானத்தில் இனி என் பக்கத்தில் உட்காரவே மாட்டார் என்று நினைத்தேன்.

அவர் திரும்பாமலே சொன்னார்.

"நிறுத்தாத மரகதம். தீதிக்குச் சரியாக் கேக்கல போல. இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

சொன்னேன். மழைக்கு மேலாகச் சொன்னேன். கறுத்த போனைப் பார்த்து இந்தியிலேயே படம் முடிகிறவரை சொன்னேன். வெளியே, கடல்தண்ணீர் ஏறி நின்ற பழைய வயலில், பட்ட மரங்களின்மேல் கொக்குகள் நனைந்துகொண்டு அசையாமல் நின்றன.

பெயர்கள் ஓடத் தொடங்கியதும் டீயைக் கொண்டுவந்து, படம் பிரமாதம் என்றேன்.

"பேக்கார்" என்றார். டீயை ஒரு மிடறு குடித்தார். "வசனம் மட்டும் பரவால்ல."

அடைமழை சாரலாக உள்ளே அடித்தது. அவர் எழுந்து போய்க் கதவைப் பாதி சாத்தினார். தீதியின் நாற்காலியை எடுத்து மூலையில் போடவில்லை. நனையாதபடி கொஞ்சம் உள்ளே இழுத்து, டிவியைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.