எறிந்த கையுறை

எங்கள் கிடங்கில் பாரந்தூக்கி ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் மேலே கேட்காது. அதனால் ஒரு வழக்கம். சுமையில் கோளாறு தெரிந்தால், பார்த்தவன் கையுறையைக் கழற்றி நடுத்தளத்தில் எறிவான். மேலே கூண்டிலிருக்கும் ஓட்டுநர் கண்டதும் நிறுத்திவிடுவார். ஏன், எதற்கு என்பதெல்லாம் பிறகுதான்.

அன்று மதியம் யாரும் எறியவில்லை. முடிச்சு நழுவி இயந்திரப் பெட்டி விழுந்து நொறுங்கியது. கீழே நின்ற ஒட்டகம் மயிரிழையில் தப்பினான். கழுத்து நீளம், அதனால் அந்தப் பெயர். கீழே நிற்பவனே முடிச்சும் போடுவது முறை. மேஸ்திரி அவனைப் பிடித்துக்கொண்டார்.

"நான் தண்ணி குடிச்சுட்டு வந்தப்பவே யாரோ கட்டியிருந்தாங்கண்ணே."

"யாரோவா? பேயா வந்து கட்டுச்சு? நாளைக்கு வந்து சாமானை எடுத்துட்டுக் கெளம்பு." பிறகு எங்களைப் பார்த்தார். "யாருக்காச்சும் அப்ஜெக்‌ஷன் உண்டா?"

எந்த முடிவுக்கும் கடைசியில் அப்படிக் கேட்பார். நாங்கள் தரையைப் பார்ப்போம். கட்டியவன் நான், அவசரத்தில் ஒரு சுற்றுக் குறைவாக. நானும் தரையைப் பார்த்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டம் படிக்கும் மகளிடம் கேட்டேன். "அப்ஜெக்‌ஷன்னா என்னம்மா?"

"மறுப்புப்பா. உங்க மேஸ்திரி கோர்ட்டு நடத்துறாரா?" சிரித்துக்கொண்டே அகராதியைப் புரட்டினாள். "லத்தீன்லேருந்து வந்ததாம். எதிர்ல எறியறதுன்னு அர்த்தம். ஒண்ணைத் தூக்கி முன்னாடி போட்டு மறிக்கிறது. வாயால மறுக்கிறதெல்லாம் அப்புறம் வந்த அர்த்தம்."

"எறியறதா?"

"அதுக்கு ஏன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி ஆகுது?" என்றாள் மனைவி.

காலையில் ஒட்டகம் சாப்பாட்டு டப்பாவைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான். "வரேண்ணே. இனிமே மேல் தட்டுல இருக்கறதை எடுக்க ஏணி வாங்கச் சொல்லுங்க," என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். மேஸ்திரி வாசலைக் காட்டினார்.

கையுறையைக் கழற்றி அவர் காலடியில் எறிந்தேன்.

பாரந்தூக்கி நின்றது. கூண்டிலிருந்து ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "என்னய்யா, சுமை ஒழுங்காத்தானே போகுது?"

"சுமை ஒழுங்குதான். நேத்து முடிச்சு போட்டவன் நான். ஒரு சுத்து கம்மி."

வாசலைக் காட்டிய மேஸ்திரியின் விரல் மெல்ல என் பக்கம் திரும்பியது. ஒட்டகம் பையைக் கீழே வைத்தான். அவ்வளவு நீளக் கழுத்து, என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.