துளை சொட்டும்வரை

அந்தத் தண்ணீர் பாட்டிலில் கோடு எங்கே இருந்தது என்பதை இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பாதிக்குச் சற்று மேலே என்று ஞாபகம். அக்காவைக் கேட்டால் பாதிக்குக் கீழே என்பாள். தாகம் அவளுடையது, அவள் ஞாபகம்தான் சரியாக இருக்கும்.

டயாலிசிஸில் இருந்த நான்கு வருடமும் ஒரு நாளைக்கு அவள் குடிக்கலாம் என்று மருத்துவர் விட்டது அந்தக் கோடு வரைக்கும்தான். அவளுடைய தையல் மெஷினுக்குப் பக்கத்தில், ஜன்னலோரக் கொக்கியில் ஒரு பெரணிச் செடி தொங்கியது. அடியில் ஒரு கிண்ணம். மண் ஒரு நாள் காய்ந்தாலும் கீற்றுகளின் நுனி கருகிவிடும். தினமும் காலையில் தொட்டியின் அடித்துளை சொட்டும்வரை ஊற்றுவாள். பிறகு, உலர்ந்த உதட்டோடு, சொட்டு நிற்கும்வரை அங்கேயே நிற்பாள். "இது குடிக்கிறப்ப என் தொண்டை நனையுதுடி" என்று ஒருமுறை சொன்னாள். எங்களுக்குள் பேசாமல் விட்டதுதான் அதிகம்.

பிறகு என் சிறுநீரகம் ஒன்றை அவளுக்கு வைத்தார்கள். உடம்பு அதை வேற்றாள் என்று விரட்டிவிடாதபடி, எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் மாத்திரைகள். காலை எட்டு, இரவு எட்டு; தவறக் கூடாது. வீட்டுக்குள் மண்தொட்டியும் கூடாது, ஈரமண்ணின் பூஞ்சை நுரையீரலைப் பிடித்துவிடும் என்றார்கள். என்னைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கீழ்த்தளத்துச் சலவைக் கடைக்காரரைக் கூப்பிட்டுத் தொட்டியைக் கொடுத்துவிட்டேன்.

வீடு திரும்பிய அன்று அக்கா வெறும் கொக்கியைப் பார்த்தாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு மாத்திரைகளை மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"செடி எங்கடி?"

"முதல்ல மாத்திரையப் போடுக்கா."

"செடி வரட்டும்."

"உள்ள இருக்கிறது என் கிட்னி. அது ஞாபகம் இருக்கட்டும்."

"குடுக்கிற வரைக்கும்தான் உன்னோடது. இப்ப நான் சொல்றதத்தான் அது கேக்கும். பிடிக்கலேன்னா தையலப் பிரிச்சு எடுத்துக்கோ. கத்தரிக்கோல் டிராயர்ல இருக்கு."

எட்டு பத்து. எட்டு இருபது. என் தழும்பு சுருக்கென்று இழுத்தது. நான் அவளுக்குக் கொடுத்தது சிறுநீரகத்தையா, கடிவாளத்தையா என்று முதல்முறையாக எனக்குச் சந்தேகம் வந்தது. அவளோ கடிகாரத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

எட்டரைக்குப் படியிறங்கினேன்.

சலவைக் கடைக்காரர்தான் தொட்டியை மேலே தூக்கி வந்தார். "கடை நீராவியில ஜம்முனு வளந்துச்சும்மா. திருப்பித் தர மனசே வரல" என்றார். நடுவில் மூன்று புதுக் குருத்துகள் சுருண்டிருந்தன. உள்ளே விடமாட்டேன் என்று நான் வாசலை மறித்து நின்றேன். கடைசியில் பால்கனியில், அந்த ஜன்னலுக்கு வெளிப்புறம் மாட்டச் சம்மதித்தோம். அக்கா கண்ணாடிமேல் விரல் வைத்துக் குருத்துகளை எண்ணினாள். பிறகு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரை நிரப்பி, மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

அன்றிலிருந்து ஊற்றுவது என் வேலை. அவள் உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டுவாள்.

"நடுவுல ஊத்தாதடி, அழுகிடும்! செடிக்கு ஊத்துறியா, தீயணைக்கிறியா?"

திட்டிக்கொண்டே டம்ளர் டம்ளராகக் குடிப்பாள்.

அந்தச் சிறுநீரகம் ஒன்பது வருடம் ஓடியது. போன வருடம் நின்றது. அக்கா மறுபடி வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறாள். சலவைக் கடையை இப்போது அவருடைய மகள் நடத்துகிறாள். என்னிடம் மீதியிருக்கும் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறது. அக்காவின் எட்டு மணி மாத்திரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இனி வேண்டாம் என்று மருத்துவர் நிறுத்தியபின் ஒருநாள், யாரையும் கேட்காமல், அக்கா தொட்டியை இரண்டு கையாலும் உள்ளே தூக்கி வந்து பழைய கொக்கியில் மாட்டினாள். புது பாட்டிலில் கோட்டை அவளேதான் போட்டாள், பாதிக்குக் கீழே. செடிக்கு மட்டும் துளை சொட்டும்வரை ஊற்றுகிறாள்.