அசையாமல் சிரிப்பது எப்படி

எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுத்துக்கொண்டு சிரிக்கிறவள் உலகத்திலேயே என் அக்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவளுக்குக் கருப்பை வாயில் புற்றுநோய். நிணநீர்க் கணுக்களுக்கு, அதாவது நாம் நெறி என்கிறோமே அவற்றுக்கு, அது பரவவில்லை என்றால் ஆபரேஷனோடு தீர்ந்துவிடலாம். பரவியிருந்தால் ஆபரேஷன் கிடையாது, கதிர்வீச்சு, மருந்து என்று நீண்ட வழி. அதைப் பார்க்கத்தான் இந்த ஸ்கேன். மகராசிக்கு அதற்குள் என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது?

ஸ்கேன் எடுக்கும் பெண் வெளியே வந்து என்னைக் கூப்பிட்டாள். மற்ற படங்கள் சரியாக விழுந்துவிட்டனவாம். உடம்புக்குள் தண்ணீர் எப்படி நகர்கிறது என்று காட்டும் படம் மட்டும் இரண்டு தடவையும் கலங்கிவிட்டதாம். வயிறு குலுங்கினால் அது தேறாதாம். நான் சொன்னால் இன்னும் சிரிக்கிறார், நீங்களே மைக்கில் சொல்லுங்கள் என்றாள்.

மைக்கைப் பிடித்து, என்னக்கா கூத்து இது என்று கேட்டேன்.

"அந்தச் சத்தம் வந்தாலே உங்க மாமா குறட்டை விடற மாதிரி இருக்குடி" என்று குழாய்க்குள்ளிருந்து பதில் வந்தது.

அவ்வளவுதான், ஸ்கேன் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. வெளியே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த மாமா, நாங்கள் அழுகிறோம் என்று நினைத்துக் கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

சிரித்து ஓய்ந்தபின் அக்கா கட்டையாகக் கிடந்தாள். படம் திரையில் விழுந்தது. சாம்பல் நிற இடுப்புக்குள் நாலைந்து இடங்களில் பளிச் பளிச்சென்று வெளிச்சம். அதெல்லாம் என்ன என்று கேட்டேன். நெறிதான், மிச்சத்தை டாக்டர் சொல்வார் என்று அந்தப் பெண் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நான் அந்த வெளிச்சங்களை மறுபடியும் எண்ணினேன்.

டாக்டர் அறைக்குப் போகும்வரை அக்கா மாமாவை ஓட்டிக்கொண்டே வந்தாள். நான் இருவருக்கும் முன்னால் வேகமாக நடந்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன்.

டாக்டரம்மா படத்தைத் திறந்ததுமே நான் முந்திக்கொண்டேன். "அத்தனை இடத்துல மின்னுதே டாக்டர்?"

அக்கா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நல்ல நெறியும் இந்தப் படத்தில் மின்னத்தான் செய்யும் என்றார் டாக்டர். பக்கத்திலேயே இன்னொரு படத்தைத் திறந்தார். புற்று புகுந்திருந்தால் அங்கே செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், கூட்டமான பஸ்ஸில் நாம் மாட்டிக்கொள்வதுபோல் தண்ணீர் நகர வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும், இந்த இரண்டாவது படத்தில் அந்த இடம் கறுத்துவிடும் என்று விளக்கினார். கருப்பை வாயிலிருந்த கட்டி கறுத்துத்தான் கிடந்தது. நெறிகள் கறுக்கவில்லை. அளவும் உருவமும்கூடச் சாதாரணம்தானாம்.

"பரவின அடையாளம் எதுவும் தெரியல. ஆபரேஷன் பண்ணலாம்."

மாமா துள்ளிக் குதிக்காத குறைதான். டாக்டர் கை, என் கை, கதவருகே நின்ற நர்ஸின் கை என்று அகப்பட்ட கையையெல்லாம் பிடித்துக் குலுக்கினார். நான் சிரித்தேனா அழுதேனா, எனக்கே தெரியாது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்" என்றாள்.

டாக்டர் திரையைக் காட்டி மறுபடி சொன்னார்.

"இன்னொரு தடவை."

இந்தத் தடவை டாக்டர் திரைப்பக்கம் திரும்பவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். வாரக்கணக்காக எங்களையெல்லாம் சிரிக்க வைத்தவள் எவ்வளவு பயந்துபோயிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கை வலித்தது. நான் உருவிக்கொள்ளவில்லை.