கூடையில் வந்த சிறுத்தைக்குட்டி
பதினெட்டு வருடம் குடிசை குடிசையாகச் சோதனை போட்டும் வனத்துறை ரேஞ்சர் கையில் கடத்தப்படும் ஒரு குட்டிகூடச் சிக்கியதில்லை. மலைமக்கள் மொழி தெரியுமென்று நேற்று வேலைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் பெண்ணிடமோ, மலைமேல் ஆடு மேய்ப்பவர் சிறுத்தைக்குட்டியைக் கூடையோடு தூக்கிக் கொடுத்துவிட்டார். விலை பேசிய வியாபாரியின் போன் நம்பரையும் சொன்னார். ரேஞ்சருக்கு வயிறு எரிந்தது.

“அப்படி என்னம்மா மந்திரம் போட்டே?”

“தாய்ச்சிறுத்தை எத்தனை ஆட்டைத் தின்னுச்சுன்னு கேட்டேன் சார். ஒவ்வொண்ணா பேர் சொல்லி அழுதார்.”

“பெரிய கெட்டிக்காரிதான்! எங்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேளு.”

பக்கத்தில் நின்ற ஆடு மேய்ப்பவரிடம் அவள் கேட்டாள். பதிலைச் சொல்லத் தயங்கினாள்.

“நீங்க எப்ப வந்தாலும் கட்டிலுக்கு அடியிலதான் பாப்பீங்களாம். அவர் முகத்தை ஒருநாளும் பாக்கலையாம். இதையும் ரிப்போர்ட்ல எழுதணுமா சார்?”