நான்கு பேருக்கு ஒரு பெல்ட்

காலை ஏழு பத்துக்கு பெல்ட் வந்தது.

தோட்டப் பராமரிப்பு நிறுவனத்தில் மரம் ஏறுபவர்கள் நான்கு பேர். பாதுகாப்பு பெல்ட் ஒன்று. மேற்பார்வையாளரின் வேனில் முன்சீட்டில் அமர்ந்து அது ஊர் சுற்றும். ஒவ்வொரு தோட்டத்திலும் இறங்கும், ஏறுபவன் இடுப்பில் நிற்கும், படம் எடுத்துக்கொள்ளும், அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். படம் தலைமை அலுவலகத்துக்குப் போனதும் அங்கிருந்து கட்டைவிரல் ஒன்று வரும். அதன் பிறகு வேலையைத் தொடங்கலாம்.

"கொஞ்சம் சிரிங்க" என்றார் மேற்பார்வையாளர்.

ஒல்லி சிரித்தான். பதினோரு வருடமாக மரம் ஏறுகிறவன். கீழே கயிறு பிடிப்பவன் அவன் மச்சினன்.

"மாமா, பெரிய ஆபீசர் மாதிரி இருக்கீங்க."

"ஆபீசர்கிட்டேர்ந்து ரெண்டே நிமிஷத்துல எல்லாத்தையும் உருவ மாட்டாங்கடா."

பெல்ட் வேனில் ஏறியது. ஒல்லி மரத்தில் ஏறினான்.

மரத்தை ஒட்டிக் கண்ணாடிக் கட்டடம். வெட்டிய கிளை கண்ணாடியில் மோதாமல் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். பத்து மணி வாக்கில், ஒல்லி நின்ற கிளை உள்ளே உளுத்திருந்தது தெரிந்தது. ஒடிந்த பிறகுதான் தெரிந்தது. மச்சினன் கயிற்றை விடவில்லை. கயிற்றின் மறுமுனையில் வெட்டிய கிளை பத்திரமாக அந்தரத்தில் தொங்கியது. ஒல்லி சிமெண்டுத் தரையில் கிடந்தான்.

கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அறிக்கையின் முதல் வரி அதுதான்.

ஒல்லி இறந்த ஐந்தாம் நாள் மச்சினனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி நாற்காலி காட்டினார். இதுவரை யாரும் அவனுக்கு அங்கே நாற்காலி காட்டியதில்லை. படத்தைப் பெரிதாக்கி மேசைமேல் வைத்தார்.

"பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு. பெல்ட் போட்டிருக்காரு. அப்புறம் அவரே கழட்டியிருக்காரு. வெயில் வேற."

"சார்தான வாங்கிட்டுப் போனாரு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளர் மின்விசிறியைப் பார்த்தார். "அடுத்த சைட்ல போட்டோ எடுக்கணும்ல" என்றார் அதனிடம்.

அதிகாரி ஒரு தாளை நகர்த்தினார். "அவரே கழட்டினாரு, நீங்க பார்த்தீங்க. இவ்வளவுதான் இதுல இருக்கு."

"அப்ப எங்க அக்காவுக்கு நஷ்டஈடு?"

"தானா கழட்டினவருக்கு எப்படிங்க குடுக்கிறது? விதின்னு ஒண்ணு இருக்கே."

"நான் போடலன்னா?"

அதிகாரி தடித்த கோப்பு ஒன்றைத் திறந்தார். தினமும் காலையில் மச்சினன் கையெழுத்திட்ட தாள்கள். "மேலே இருப்பவரின் பாதுகாப்பைக் கவனிப்பது கீழே நிற்பவர் பொறுப்பு. படிச்சுட்டுதான போட்டிருப்பீங்க?"

அதிகாரி கோப்பை மூடினார்.

"போலீஸ் வரைக்கும் போக வேண்டாம்னு பார்க்கிறோம். உங்களுக்கும் ரெண்டு பிள்ளைங்க."

பேனா நன்றாக எழுதியது. மேற்பார்வையாளர் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். மேலே ஏற ஆள் வேண்டும், கூலியும் கூட என்றார்.

"உங்க இடுப்பு எத்தனைங்க? ஓட்டை மாத்தணும்."

அதிகாரி ஒரு பிரதியை உறையில் போட்டார். "குடும்பத்துக்கு ஒண்ணு குடுத்துடுங்க. நாங்க எதையும் மறைக்கிறதில்லை."

அக்கா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். உறையை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு அவன் கதவருகில் நின்றான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தாள். மெதுவாகப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி மேலே போனாள். பிறகு அவன் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"படிக்காம போட்டியாடா, படிச்சுட்டுப் போட்டியா?"