மால்டா திருக்கையும் கடற்காதுச் செடியும்

மரூஸ்காவும் அவள் கணவன் லொன்ஸுவும் சாப்பிட உட்கார்ந்தால் வாக்குவாதம் நிச்சயம். அவளுக்கு மால்டா திருக்கை மீனே உலகம். அவனோ மால்டாத் தீவின் டிங்லி பாறைச்சரிவில் கயிறு கட்டித் தொங்கியபடி கடற்காதுச் செடிகளை நட்டு வளர்ப்பவன்.

"என்னோடது சூரியகாந்திக் குடும்பம், நாட்டோட தேசியச் செடி. உன்னோடது சுறாவுக்குப் பங்காளி!"

"குடும்பப் பெருமை போதும். ரெண்டையுமே விஞ்ஞானிங்க ஒரு பேரினத்துலேர்ந்து தூக்கி இன்னொண்ணுல வெச்சிருக்காங்க. சிவப்புப் பட்டியல்லயும் ரெண்டும் ஒரே இடத்துலதான், அழிவுக்குப் பக்கத்துல."

"என் செடி இந்த ஜூன்ல பூத்துச்சே. உன்னோடது?"

அவள் முகம் வாடியது. மீன்கடை சென்சா அறுத்த திருக்கையின் வயிற்றிலிருந்து எடுத்து வந்த முட்டைப்பைகளில் ஒன்றைத் தவிர மற்றவை அழுகிவிட்டன. மிஞ்சியதில், குளிர்நீர்த் தொட்டிக்குள், ஒரு குஞ்சு நெளிந்துகொண்டிருந்தது.

ஆகஸ்டில், ஊர்த் திருவிழா அன்று மின்சாரம் போனது. குளிரூட்டும் இயந்திரம் நின்றது. தொட்டி நீர் சூடேறத் தொடங்கியது. வீடு திரும்பிய லொன்ஸு மனைவியின் முகத்தைப் பார்த்ததும் வண்டியை மீன்கடைக்குத் திருப்பினான்.

"ஐஸா? இன்னைக்கா?" சென்சா அலறினாள். "என் மீனெல்லாம் நாறிப்போகும்டா!"

"ஒரு திருக்கைக் குஞ்சு சாகக் கெடக்குதுக்கா."

"சூப்புல போடற மீனுக்கா இந்த ஓட்டம்?" சிரித்தவள் அவன் சிரிக்காததைக் கண்டாள். பெட்டியை அப்படியே கவிழ்த்தாள். "அள்ளிக்கோ. மீனை இப்பவே பொரிச்சுத் தெருவுக்கே போட்டுடறேன்."

பை பையாக ஐஸைத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். உருக உருக லொன்ஸு மறுபடி ஓடினான். விளக்கு எரிந்தபோது இருவரும் ஈரத் தரையிலேயே சாய்ந்து கிடந்தார்கள். குஞ்சு இன்னும் நெளிந்தது.

அடுத்த வாரம் ஒரு காலையில் முட்டைப்பையின் ஓரம் பிளந்தது. உள்ளங்கையைவிடச் சின்னதாய் ஒரு திருக்கை வெளியே வந்து, செட்டைகளை விரித்து, தொட்டியை ஒரு சுற்று சுற்றியது.

"லொன்ஸு! நீந்துது பாரு!"

அவன் அவளைத் தூக்கிச் சுழற்றினான். பிறகு கதவைத் திறந்து தெருவைப் பார்த்துக் கூவினான்: "மால்டால திருக்கை ஒண்ணு கூடிடுச்சுய்யா!"

எதிர்வீட்டு மாடத்தில் யாரோ கைதட்டினார்கள். சென்சா கடையைப் போட்டது போட்டபடி விட்டு, செதில் ஒட்டிய கைகளோடு ஓடி வந்தாள்.