கதவுக்கு வெளியே வைத்த கஞ்சி

ஒரே பிள்ளைதான். ஆனாலும் வீட்டில் அவனுக்குப் பெயர் பெரியவன். பின்னால் ஒரு சின்னவன் வருவான் என்ற நம்பிக்கையில் கூப்பிட ஆரம்பித்தது. சின்னவன் வரவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெரியவன் பத்தொன்பது வயதில் ஒரு நாள் கல்லூரியிலிருந்து வந்தான், செருப்பைக் கழற்றினான், தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். மழைக்காலம் முடிந்து, குளிர் வந்து, அதுவும் கிளம்பப் பார்க்கிறது. ஆள் இன்னும் வெளியே வந்தபாடில்லை.

என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அம்மா கெஞ்சினாள், அதட்டினாள், கதவில் தலையை முட்டிக்கொண்டாள். கப்பலில் வேலை பார்க்கும் அப்பா எப்போதாவது நடுக்கடலிலிருந்து கூப்பிட்டு, நான் அங்கே இருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று கேட்பார். இருந்தால்தானே. அறைக்குள்ளேயே குளியலறை இருந்ததால் அவன் எதற்கும் வெளியே வரவேண்டிய அவசியமில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கதவோரம் வைத்துவிட்டு அவள் நகர்ந்த பிறகு, கதவு ஒரு சாண் திறக்கும், தட்டு உள்ளே போகும். பிறகு பாதி தின்ற தட்டு வெளியே வரும். அந்த மீதிப் பாதியைப் பார்த்துத்தான் பிள்ளை உயிரோடிருக்கிறான் என்று அவள் மனதைத் தேற்றிக்கொள்வாள். பெற்றவளுக்கு வந்த நிலைமையைப் பாருங்கள்.

சமையலறைக்கும் அவன் அறைக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவர் வழியாக எந்நேரமும் 'பனிவாசல்' கேட்கும். வெளிநாட்டுத் தொடர், தமிழில் பேசவைத்தது. அந்த மூன்றாம் மாடி முழுக்கக் கேட்கும்படி ராட்சதர்கள் கர்ஜிப்பார்கள், ராணிகள் சபதம் போடுவார்கள், குதிரைகள் பனியில் வழுக்கும். எல்லோரும் தெளிவான தமிழில் ஓயாமல் பேசினார்கள். இந்த வீட்டில்தான் பேச்சே செத்துக் கிடந்தது. ஒரு நாள் அவள் தம்ளரைக் கழுவிய கையோடு சுவரில் கவிழ்த்துக் காதை வைத்தாள். பிள்ளை மூச்சு விடுவது கேட்காதா என்றுதான். மூச்சு கேட்கவில்லை. ஒரு படைவீரன் ராட்சசப் பறவையின் முட்டையை வேகவைப்பதாக யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. சோறு போட்டால் பாதி தின்கிறான், அவன் உலகத்துச் சாப்பாட்டைப் போட்டால்?

ராட்சசப் பறவைக்கு எங்கே போவது? ஒரு டஜன் கோழிமுட்டை வாங்கினாள். ஆயத்த ஆடைகளைச் சின்னதாக்கியும் பெரிதாக்கியும் கொடுக்கும் கடையில் தையல் வேலை அவளுக்கு. தையல்காரி புத்தி எங்கே போகும், மெல்லிய துணியில் முட்டை வடிவத்தில் ஒரு பை தைத்து, அடித்த முட்டையை அதில் ஊற்றி வெந்நீரில் இறக்கினாள். பை அப்படியே இருந்தது, முட்டை வெந்நீரில் இருந்தது. அடுத்த டஜனைக் கிண்ணத்தில் ஊற்றி ஆவியில் வேகவைத்தாள். வெந்து வந்தபோது குட்டித் தலையணை மாதிரி இருந்தது. வைத்துவிட்டு வந்தாள். தட்டு காலியாக வெளியே வந்தது. அன்றைக்கு அவள் அந்த வெறும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அடுத்தது சாம்பல் ரொட்டி. மலைக்காவலர்கள் நெருப்புக்குள் புதைத்துச் சுடுவது. கறுகிய வெங்காயத்தோலைப் பொடித்து மாவில் கலந்து, தோசைக்கல்லில் குண்டாகச் சுட்டாள். வெந்ததா என்று பார்க்க ஓரத்தில் ஒரு வாய் பிய்த்துத் தின்றுவிட்டு மீதியைத் தட்டில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, மாதக்கணக்கில் கேட்காத ஒரு குரல் கதவுக்குள்ளிருந்து வந்தது.

"உப்பு கம்மி."

பேச்சை விட்டுவிடக் கூடாது, எதையாவது சொல்லி இழுத்துப் பிடிக்க வேண்டும். பரபரப்பில் ஒரு பொய் சொன்னாள். "நானும் பாக்கறேன்ல உன் பனிவாசலை. ஒண்ணு விடாம பாக்கறேன்."

அன்றிரவு சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கொஞ்சம் கூடுதலாக வைக்கப்பட்டது. அவளுக்கும் கேட்கட்டும் என்று வைத்த மாதிரி இருந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சந்தோஷம் தாங்காமல் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அண்ணனுக்கு வெல்டிங் பட்டறை. வளைந்ததையெல்லாம் அடித்துத்தான் நிமிர்த்த வேண்டும் என்பது அவர் கட்சி. குரல் வந்துவிட்டதென்றால் உடம்பில் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம், இனியும் செல்லம் கொடுக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு வருகிறேன், கதவைப் பெயர்த்துப் பையனைப் பட்டறைக்குக் கூட்டிப்போகிறேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று அவள் மன்றாடியது எடுபடவில்லை. ஏன் வேண்டாம் என்பதையும் அவளால் சொல்ல முடியவில்லை. முன்பொரு முறை அவள் கதவைப் பலமாக இடித்தபோது பெரியவன் உள்ளேயிருந்து சொன்னான்: "உடைச்சா, ஜன்னல் இருக்கு." மூன்றாம் மாடி ஜன்னல். அதை அவள் யாரிடமும் சொல்லாமல் நெஞ்சுக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தாள். ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் அவனாகக் கதவைத் திறக்க வேண்டும். வேறு வழியே கிடையாது.

திங்கட்கிழமை தம்ளர் வழியாக அவளுக்கு அந்தக் கஞ்சி கிடைத்தது. பனிவாசல் ராணி பணிப்பெண்ணிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே தன் கையால் காய்ச்சுவது. பார்லியை மசிய வேகவைத்து, பீட்ரூட்டின் சாறு விட்டு, சுட்ட வெங்காயம் சேர்த்து, கிண்ணம் தளும்ப ஊற்றி ஒரு கதவுக்கு முன்னால் வைக்கிறாள். கரண்டியால் கதவை மூன்று முறை தட்டுகிறாள். பிறகு மெதுவாகச் சொல்கிறாள்: "கதவைத் திற என்று இனிக் கேட்க மாட்டேன். பசித்தால் உண்டுகொள்." பின்னால் வாத்தியம் உருகியது. இவளும் உருகிப்போனாள். எவ்வளவு நல்ல தாய், பிள்ளையை ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லையே, நாம்தான் இத்தனை நாள் கத்திக் கத்திக் கெடுத்துவிட்டோம் என்று தோன்றியது. அந்த வசனத்தைத் தையல் மெஷினின் முன்னால் உட்கார்ந்து நாள் முழுக்க முணுமுணுத்துப் பழகினாள்.

செவ்வாய்க்கிழமை கஞ்சி காய்ச்சினாள். ரொட்டியைப் பிய்த்து வைத்தோமே, பிள்ளைக்கு எச்சில் பண்டத்தைக் கொடுத்தோமே என்று உறுத்திக்கொண்டிருந்ததால், இந்த முறை ருசிகூடப் பார்க்கவில்லை. கிண்ணம் தளும்ப ஊற்றி வைத்தாள். கரண்டியால் மூன்று தட்டு தட்டினாள். ராணியின் குரலிலேயே, ஒரு எழுத்துப் பிசகாமல் அந்த வசனத்தைச் சொன்னாள். ராணியின் காலடி நிற்காமல் போனது காதில் விழுந்திருந்ததால், தானும் நிற்காமல் வந்துவிட்டாள்.

கதவு திறக்கவில்லை. விடிந்து பார்த்தால் கஞ்சி ஆடை படிந்து கிடந்தது. சிவப்பு போதவில்லை போலும் என்று மறுநாள் பீட்ரூட்டைக் கூட்டினாள். அதுவும் கிடந்தது. வெங்காயத்தை இன்னும் சுட்டாள், பார்லியை இன்னும் மசித்தாள், வசனத்தை இன்னும் உருக்கமாகச் சொன்னாள். சோறு வைத்துப் பார்த்தாள், அதையும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை தம்ளரைச் சுவரில் வைத்தபோது ராட்சதர்கள் இல்லை, குதிரைகள் இல்லை, ராணி இல்லை. சுவர் வெறும் சுவராக இருந்தது. கட்டில் கிறீச்சிடும் சத்தம் ஒன்று கேட்டது, அவ்வளவுதான். அவளும் அந்த வாரம் முழுக்கத் தேநீரைத் தவிர ஒன்றும் வாயில் வைக்கவில்லை.

சனிக்கிழமை கடையில் ஒரு கல்யாணப் பெண்ணின் பாவாடைக்குக் கீழே மண்டியிட்டு, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் இஸ்திரி போடுகிறவள் வழக்கம்போல் போனைச் சாய்த்து வைத்து ஏதோ பார்த்துக்கொண்டே சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து அந்த வாத்தியம் வந்தது. தையல்காரி ஊசிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு எழுந்து போனாள். முதன்முதலாகப் பனிவாசலைக் கண்ணால் பார்த்தாள். கறுப்பு உடுத்திய ஒரு பெண் நீண்ட தாழ்வாரத்தில் நடக்கிறாள். இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள். ஒவ்வொரு கதவின் முன்னாலும் தளும்பும் சிவப்புக் கஞ்சி.

அந்தப் பிள்ளைகள் ஏன் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்று கேட்டாள்.

இஸ்திரிக்காரி நிமிர்ந்து பார்த்தாள். "உள்ள யாரும் இல்லக்கா. சண்டைக்குப் போய்த் திரும்பி வராதவங்க ரூம் அதெல்லாம். இது செத்தவங்களுக்கு வைக்கற கஞ்சி. இதை வச்சு, மூணு தட்டு தட்டி, அதைச் சொல்லிட்டாங்கன்னா தலை முழுகிட்டாங்கன்னு அர்த்தம். அப்புறம் அந்த வீட்ல அவங்க பேரையே எடுக்க மாட்டாங்க."

"உயிரோட இருக்கறவங்களுக்கு?" என்று கேட்டாள்.

"அவங்களுக்குத் தளும்ப வைக்கவே மாட்டாங்க. சமைச்சவங்க முதல் வாய் தின்னுட்டு மிச்சத்தைத்தான் தருவாங்க. பனிவாசல் பாக்கற எல்லாருக்கும் தெரியுமேக்கா அது."

பெரியவனுக்குத் தெரியும். ஒண்ணு விடாம பாக்கறேன் என்று அவன் அம்மா சொன்னதும் அவனுக்குத் தெரியும். எச்சில் ரொட்டியைத் தின்றுவிட்டு உப்பு கம்மி என்று வாய் திறந்தவனுக்கு, அடுத்த வாரமே பெற்ற தாய் கருமாதிக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய் வைத்து, இனிக் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போயிருக்கிறாள். ஒரு முறை பண்ணினால் தவறு என்று நினைக்கலாம். தினமும் பண்ணினாள், வரவர நன்றாகவும் பண்ணினாள். பாவி, பாவி என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். கல்யாணப் பெண் பாதி மடித்த பாவாடையோடு முக்காலி மேல் நிற்க, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் தெருவில் ஓடினாள்.

மாடிப்படி ஏறி வந்தால் வாசலில் அண்ணன் நிற்கிறார், கையில் சாக்கில் சுற்றிய கடப்பாரை. நல்ல காரியத்தை ஏன் தள்ளிப்போட வேண்டும் என்று ஒரு நாள் முன்னாடியே வந்துவிட்டாராம். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணே, உன் கால்ல விழறேன். நான் ஒரு வாய் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் பேசாம நில்லு."

இந்த நேரத்தில் இவளுக்கு என்ன சாப்பாடு என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

காலையில் காய்ச்சிய கஞ்சி அடுப்பு மேல் ஆறிக் கிடந்தது. சுடவைக்கப் பொறுமையில்லை. கிண்ணத்தில் ஊற்றி எடுத்துப்போய், பெரியவனின் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் இவள் காது வைத்துக் கேட்டாள், இன்றைக்கு அவன் கேட்கட்டும். கரண்டியைக் கிண்ணத்தில் நன்றாக இடித்து அள்ளினாள். வாயில் போட்டாள். அப்படியொரு மோசமான கஞ்சியை அவள் ஜென்மத்தில் தின்றதில்லை. உறிஞ்சித் தின்றாள், சத்தம் போட்டு விழுங்கினாள். அடுத்த வாய் தொண்டையில் அடைத்தது. இருமிவிட்டு அதையும் விழுங்கினாள்.

"பெரியவனே," என்றாள். "நான் பாக்கலடா. பொய் சொன்னேன். சுவத்துல தம்ளரை வச்சுக் கேட்டேன், அவ்வளவுதான். அந்தக் கஞ்சியை யாருக்கு வைக்கறாங்கன்னு இன்னைக்குத்தான் தெரியும்."

அவள் தின்றுகொண்டே இருந்தாள். கண்ணீரும் மூக்குநீரும் கிண்ணத்தில் விழுந்தன, எது கஞ்சி எது அழுகை என்று அவளுக்கே தெரியவில்லை. கரண்டி பக்கத்தைச் சுரண்ட ஆரம்பித்தது. கிண்ணம் காலியாகிவிட்டால் பிறகு என்ன செய்வது என்று அவளுக்கு ஒரு யோசனையும் இல்லை. அண்ணன் கடப்பாரையைக் கை மாற்றிக்கொண்டார்.

அப்போது, முதுகுக்குப் பின்னால் மிக அருகில், அவன் எப்போதோ வந்து கதவின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும், உலர்ந்துபோன ஒரு குரல் சொன்னது:

"முழுசையும் நீயே சாப்பிட்டுடாத."

அண்ணன் குனிந்து, கடப்பாரையைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார். தாழ்ப்பாள் விலகியது. அந்தக் கதவு உள்பக்கம் திறப்பது. இத்தனை மாதத்தில் அது அவளுக்கு மறந்தே போயிருந்தது. சாய்ந்திருந்தவள் அப்படியே பின்னால் சரிந்தாள், குச்சியாய் இளைத்த முழங்கால் ஒன்று முதுகில் பட்டு அவளைத் தாங்கியது. கிண்ணத்தை மட்டும் அவள் சிந்தாமல் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.